முதுகில் ஒரு முயல்

எனக்கு நிழல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மறைத்துவிட்டேன் என்று யாரும் என்மேல் பாயக் கூடாது. ரத்தக் காட்டேரி என்றதும் கறுப்பு அங்கி, பாழடைந்த கோட்டை, வௌவால் கூட்டம் என்று நீங்களாக எதையாவது கற்பனை செய்துகொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. நான் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் இரவு வேலை பார்த்தவன். குளிர்பெட்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது, பைகளை வகைபிரித்து அடுக்குவது, காலாவதியான பைகளை எரிப்பதற்கு அனுப்புவது, இதுதான் பிழைப்பு. மகன் நடை பழகிக்கொண்டிருந்த சமயம், அவசரப் பிரிவில் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்த ஒரு நோயாளி என் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். அதன் பிறகு காலாவதியான பைகள் எரிப்பதற்குப் போகவில்லை. என் கதை அவ்வளவுதான்.

என் மனைவி அதே மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். விஷயம் தெரிந்தபோது அவள் அலறவும் இல்லை, பெட்டியைக் கட்டவும் இல்லை. என் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, கோரைப்பற்களை ஒரு தடவை பார்த்தாள்.

"இனிமே பகல் டியூட்டி கேக்காதீங்க. பிள்ளை கழுத்துப் பக்கம் மட்டும் போனீங்கன்னா தோலை உரிச்சிடுவேன்," என்றாள். அந்தக் குரலை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பிசாசுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்காதீர்கள். தெரிந்ததாகப் பேசியவர்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். விளக்குக் கம்பத்தின் உயரம் இருக்கும். கை கால் எல்லாம் ஒடிசல். முதுகு வளைந்து, தலை தொங்கி, எந்நேரமும் தரையைப் பார்த்தபடியே நடக்கும். நிமிர்ந்து ஒருவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. காதும் கேட்காது என்றுதான் நினைக்கிறேன். ஊரில் அவற்றுக்கு 'குனிஞ்சான்' என்று பெயர் வைத்தார்கள். உயிர் போகிற நேரத்திலும் பட்டப்பெயர் வைக்காவிட்டால் நம் ஆட்களுக்குத் தூக்கம் வராது.

குனிஞ்சானுக்கு வேண்டியது நிழல். ஆளின் நிழலை மிதித்துவிட்டால் ஆள் அசைய முடியாது. பிறகு நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, காயத்தில் ஒட்டிய பிளாஸ்திரியை உரிப்பதுபோல நிதானமாக உரிக்கும். உரித்ததை மடித்து வாயில் போட்டுக்கொள்ளும். அந்த ஆள் அங்கேயே நிற்பார். மூச்சு வரும், கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கொஞ்ச நாளில் மூச்சும் நின்றுவிடும். குடை பிடித்துப் போனவர்களைத்தான் முதலில் பிடித்தன. குடையின் நிழலுக்குள் ஆளின் நிழல் இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும். பகலில் கட்டிடங்களின் நிழலில் வரிசையாகப் படுத்துக் கிடக்கும். பொழுது சாய்ந்தால் எழுந்து தெருமுனைகளில் தீ மூட்டும். தீ வெளிச்சத்தில் ஒரு ஆளுக்கு எத்தனை நிழல், எவ்வளவு நீளம் என்று சொல்லத் தேவையில்லை.

என்னைக் கண்டால் அவற்றுக்கு நான் ஒரு ஆளே இல்லை. அதனால் எனக்குப் பயம் இல்லை என்று நினைத்தீர்களானால் நீங்கள் பிள்ளை பெற்றவர் இல்லை.

பிசாசுகள் வந்த அன்று மனைவி தியேட்டரில் டியூட்டியில் இருந்தாள். தொலைபேசி உயிரோடு இருந்தவரை பேசினாள். கடைசியாகப் பேசியபோது அவள் குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"இங்க நாங்க இருக்கோம். தியேட்டர் லைட்டுக்குக் கீழ நிழல் விழாதுங்க. அதுங்க உள்ள வந்துச்சு, தரையைப் பாத்துச்சு, ஒண்ணும் இல்லாம திரும்பிப் போயிடுச்சு. அவனைக் கூட்டிட்டு வந்துடுங்க."

அவள் சொன்னது உண்மைதான். அறுவை செய்யும்போது டாக்டரின் கை நிழல் காயத்தின் மேல் விழக் கூடாது என்பதற்காக, அந்த விளக்கில் வட்டமாகப் பல பல்புகள் எல்லாப் பக்கமும் இருந்து அடிக்கும். ஒரு பல்பு போடும் நிழலை இன்னொன்று அழித்துவிடும். நோயாளிக்காகச் செய்த விளக்கு ஒரு கூட்டத்தையே காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் அப்படிச் சொன்னதும் நான் கிளம்பிவிடவில்லை. தெருவெல்லாம் குனிஞ்சான் இருக்கும்போது, ஏழு வயதுப் பிள்ளையை நிழலோடு எப்படிக் கொண்டுபோவது?

அதனால் வீட்டிலேயே இருந்தோம். மூன்றாவது மாடி. உள்ளே ஜன்னல் இல்லாத சாமான் அறை. கதவு இடுக்கில் துணியைத் திணித்துவிட்டால் கும்மிருட்டு. இருட்டில் யாருக்கும் நிழல் இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை. ஒரே தொல்லை, என் மகனுக்கு இருட்டு என்றால் பயம். காட்டேரியின் பிள்ளைக்கு இருட்டுப் பயம்! சிரிப்பு வர வேண்டிய விஷயம், அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடுங்கும்போது சிரிக்க முடியவில்லை.

அதற்கு ஒரு விளையாட்டு கண்டுபிடித்தோம். முன்பெல்லாம் கரண்ட் போனால் சுவரில் டார்ச் அடித்து விரல்களால் மான், நாய், கொக்கு என்று காட்டுவான். இப்போது சுவரில் நிழல் விழ விடலாமா? ஒருநாள் அழுது அடம்பிடித்தபோது, சட்டையைக் கழற்றிவிட்டு அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

"என் முதுகுல போடுடா. நிழல் வேற எங்கயும் விழக் கூடாது."

போட்டான். எனக்கு நிழல் இல்லை; ஆனால் என்மேல் விழுந்த நிழல் என்மேலேயே தங்கிவிட்டது. முன்னால் இருந்த சுவரில் கைநிழலும் இல்லை, என் நிழலும் இல்லை, வெறும் வெளிச்சம் மட்டும். வெளிச்சம் எனக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது, நிழல் மட்டும் என்னைத் தாண்டுவதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. இன்னொன்றும் தெரிந்தது. நிழல் விழுந்த இடம் ஈரத்துணி பட்டதுபோலச் சில்லென்று இருந்தது. எந்த வடிவம் என்றுகூட முதுகால் சொல்ல முடிந்தது.

"அப்பா, இது என்னன்னு சொல்லு?"

"முயல்."

"எப்படிப்பா? நீ திரும்பிப் பாத்தே!"

"ரெண்டு காது சில்லுனு இருக்குடா."

அவனுக்கு முயல்தான் நன்றாக வரும். மடக்கிய கையில் இரண்டு விரல் நிமிர்ந்தால் முயல். தினமும் முயல், முயல், முயல்தான். நான் அலுத்துக்கொள்வதுபோல நடிப்பேன். அந்தக் குளிர்ச்சிக்காக நாள் முழுக்கக் காத்திருப்பேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

பிறகு கட்டிடத்துக்குள்ளேயே தீ வந்தது. ஒருநாள் மாலை குனிஞ்சான்கள் கீழ்த்தளப் படியில் நாற்காலிகளை உடைத்து மூட்டின. வெளிச்சம் கதவுகளுக்கு அடியில் நாக்கு நீட்டியது. கீழ்வீட்டில் ஒரு பெண் 'விடு, விடு' என்று கத்தினாள், பிறகு கத்தவில்லை. மறுநாள் மாலை முதல் மாடி. அதற்கடுத்த நாள் எங்களுக்கு நேர் கீழே. புகை எங்கள் கதவு இடுக்கில் ஏறியபோது துணியை நனைத்துத் திணித்தேன். அடுத்த மாலை எங்கள் மாடி. அதற்கு மேல் கணக்குப் போட ஒன்றும் இல்லை.

அன்றைக்கு அவன் இருட்டில் என் முகத்தைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"அப்பா, என்னைக் கடிச்சிடேன். எனக்கும் நிழல் இல்லாம போயிடும்ல?"

வீட்டில் ஒளித்து வைத்திருந்த கடைசிப் பை தீர்ந்து பல நாளாகிவிட்டது. பசியில் காது அடைத்தது. அவன் கழுத்து நரம்பு துடிப்பது எனக்கு மணிச்சத்தம்போலக் கேட்கும். அதைவிடக் கொடுமை, அவன் சொன்னது நியாயமாகவும் இருந்தது. ஒரே கடியில் எல்லாப் பயமும் தீரும். குனிஞ்சான் அவனைத் தாண்டிப் போகும், என்னைத் தாண்டிப் போவதுபோல. நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். சரி என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.

"வாயத் திற," என்றேன். திறந்தான். முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன். "நான் கடிச்சா இந்தப் பல்லு ஆடிக்கிட்டே இருக்கும்டா. விழவே விழாது. நீ பெருசாகவே மாட்ட. வெயில்ல போய் விளையாட முடியாது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே. அதுவுமில்லாம உங்கம்மா என் தோலை உரிச்சிடுவா."

"அப்ப வேற ஏதாவது யோசி," என்றான், கடையில் சாமான் இல்லையென்றால் வேறு கேட்பவன்போல.

யோசித்தேன். இரவில் தீ. காலையிலும் மாலையிலும் நிழல் நீளம், கட்டிட நிழலிலெல்லாம் அவை கிடக்கும். உச்சி வெயிலில் மட்டும்தான் தெருவின் நடுப்பகுதி காலியாக இருக்கும். அப்போது அவன் நிழல் அவன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். அவன் என் தோளில் உட்கார்ந்தால் அந்த நிழல் எங்கே விழும்? என்மேல். என்னைத் தாண்டித் தரைக்குப் போகாது.

உச்சி வெயில் எனக்கு எமன். அதை யோசிக்காமலா இருப்பேன்? துணி வெயிலைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தலைக்கவசம் போட்டுப் பார்த்ததும் உண்டு. மூடிபோட்டு வேகவைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் மருத்துவமனை வெகுதூரம் இல்லை. தினமும் நடந்தே போன வழிதான்.

மறுநாள் நண்பகலில், கம்பளியைச் சுற்றி, அதன்மேல் மழைக்கோட்டைப் போட்டு, கையுறை மாட்டிக்கொண்டேன். டார்ச்சைப் பையில் போட்டேன். கரிந்த படிகளில் அவனைச் சுமந்து இறங்கினேன். வாசல் வந்ததும் அவனைத் தோளில் ஏற்றினேன்.

"கையை என் தலைமேல வெச்சுக்கோ. காலை என் நெஞ்சோட ஒட்டு. நீட்டாத, ஆட்டாத. யாரைப் பாத்தாலும் பேர் சொல்லிக் கூப்பிடாத."

"அதுங்க பாக்குமாப்பா?"

"தரையைத்தான் பாக்கும். தரையில நீ இல்ல."

வெளியே வந்தோம். வெயில் உடனே என்மேல் இறங்கியது. அதைச் சூடு என்று சொன்னால் போதாது. தோலுக்கு அடியில் யாரோ தீக்குச்சி உரசுவதுபோல இருந்தது. ஆனால் தலையிலும் தோளிலும் மார்பின் மேற்பகுதியிலும் அவன் நிழல் ஈரமாக ஒட்டியிருந்தது. அந்தக் குளிர்ச்சி எதுவரை இருக்கிறதோ அதுவரை அவன் பத்திரம். கண்ணால் பார்க்கக்கூடத் தேவையில்லை, என் உடம்பே சொல்லிவிடும்.

தெருவின் இருபுறமும் கடைகளின் தகரக் கூரைக்கு அடியில், குறுகிய நிழலில், குனிஞ்சான்கள் அடுக்கி வைத்த ஏணிகள்போல ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. நடுத்தெருவில் ஜெராக்ஸ் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் காலி வாளி. காலடியில் நிழல் இல்லை. எங்களைப் பார்த்த கண்ணில் எங்களைத் தெரிந்த அடையாளமே இல்லை. மகன் என் தலைமுடியை இறுக்கிப் பிடித்தான். சொன்னபடியே கூப்பிடவில்லை.

தெருமுனை தாண்டி மேம்பாலம் வந்ததும் என் கணக்கு தப்பிப்போனது. தினமும் பாலத்துக்கு அடியில்தான் போவேன், எப்போதும் இரவில். பகலில் பாலத்துக்கு அடியில் சாலை முழுக்க நிழல் இருக்கும் என்பது, வருடக்கணக்காகப் பகலையே பார்க்காத என் மண்டையில் உறைக்கவில்லை. காட்டேரி போட்ட திட்டம் வேறு எப்படி இருக்கும்? பாலத்துக்கு அடியில் இடமே இல்லாமல் அவை நெருக்கியடித்துக் கிடந்தன. ஒன்று தூக்கத்தில் கையை நீட்டி வெயிலில் வைத்துவிட்டு, சுட்டதுபோல மெதுவாக இழுத்துக்கொண்டது.

"அப்பா, திரும்பிப் போயிடலாம்."

"வீட்டுக்கா? சாயங்காலம் அதுங்க அங்க தீ வெக்கும்டா."

பாலத்தின் மேலேதான் ஏற வேண்டும். நீண்ட சுற்று. நின்றுபோன கார்களின் கண்ணாடியெல்லாம் வெயிலை என்மேல் திருப்பி அடித்தன. உச்சிக்கு வந்தபோது எதிரே ஒரு குனிஞ்சான் வந்தது, பசி முற்றியதோ என்னவோ, வெயிலையும் பார்க்காமல். தனியாக, கார்களுக்கு நடுவே இருந்த ஒரே வழியில், தரையை மோப்பம் பிடிக்கும் நாய்போலத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு வந்தது. ஒதுங்க இடம் இல்லை. கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றேன்.

நெருங்கியது. அதன் தலை என் முட்டிக்கு வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி மட்டும். என் செருப்பைப் பார்த்தது. செருப்புக்குப் பின்னால் பார்த்தது. ஏதோ கிடைக்கும் என்று தெரிந்தும் கிடைக்காததுபோல வெகுநேரம் அங்கேயே நின்றது. மகன் மூச்சுவிடவில்லை. நானும் விடவில்லை, நான் விடாமல் இருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. சூரியன் என் முதுகுப் பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தது. என் தலையிலிருந்த குளிர்ச்சி நெற்றிக்கு இறங்கியது. தோளிலிருந்தது மார்புக்கு. மார்பிலிருந்து வயிற்றுக்கு. இன்னும் கொஞ்சம் நழுவினால் என் காலுக்கு முன்னால் தரையில் ஒரு சின்னத் தலை முளைத்துவிடும், அந்தக் குழிகளுக்கு நேர் கீழே. எனக்கு வந்த பயத்தை இன்னும் என் பற்கள் மறக்கவில்லை.

குளிர்ச்சி இடுப்பைத் தொட்டபோது அது நகர்ந்தது.

அது முதுகைக் காட்டியதும் மகனை மெதுவாகத் தோளிலிருந்து முதுகுக்கு இறக்கினேன். உப்பு மூட்டை. சூரியன் இப்போது எங்களுக்குப் பின்னால் இருந்தது. அவன் என் முதுகில் ஒட்டிக்கொண்டால் நிழல் மொத்தமும் என் முதுகிலேயே விழும். மழைக்கோட்டுக்குள் இருந்த கம்பளியை உருவி, அவன் முழங்கால்களை மடக்கி என்னோடு சேர்த்துக் கட்டினேன்.

"அப்பா, உன் தலையில வெயில் படுதே?"

"பட்டா படட்டும்."

"எரியுதா?"

"இல்லடா. நீ மட்டும் தலையைத் தூக்காம இரு."

எரிந்தது. பின்மண்டையில் இறங்கிய வெயில் எனக்குள் தங்காமல் கண் வழியாக வெளியே போனது. பாலத்தின் இறக்கத்தில் முதலில் வண்ணங்கள் போயின. பிறகு ஓரங்கள் போயின. கீழே வருவதற்குள் எல்லாமே வெள்ளை. காட்டேரிக்கு இருட்டில் கண் தெரியும்; வெள்ளையில் என்ன தெரியும்?

"குட்டி, எனக்குக் கண்ணு தெரியல. நீதான் சொல்லணும்."

அவன் அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. என் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே மூக்கைச் செருகிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். "நேராப் போ. இடது பக்கம் கொஞ்சம். அங்க ஒண்ணு உக்காந்திருக்கு, சுத்திப் போ. மெதுவா. பள்ளம்பா. இப்ப நேரா. ஆஸ்பத்திரி கேட் தெரியுது." அவன் குரல் நடுங்கியது, ஆனால் வழி நடுங்கவில்லை. அவன் அம்மாவும் இப்படித்தான்.

என் காது மடல் கருகும் வாடை எனக்கே வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும். அப்போதுதான் அவன் அதைச் செய்தான். என்னைப் பெற்ற தாய்கூடச் செய்திருக்க மாட்டாள். எனக்குச் சுடுகிறதே என்று, கம்பளிக் கட்டுக்குள்ளிருந்து கையை உருவி, என் பின்மண்டையை உள்ளங்கையால் மறைத்தான். அந்த இடம் சில்லிட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு இதமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அந்த ஒரு கணம் தாமதித்தேன்.

ஏழு வயதுக் கை. காதையும் சேர்த்து மறைக்க விரலை நீட்டியிருக்கிறான். ஒரு விரலின் நுனி என் காதைத் தாண்டி வெளியே நீண்டது. நீண்ட விரலின் நிழல் எனக்கு முன்னால் சாலையில் விழுந்தது.

"அப்பா," என்றான். குரல் மாறியிருந்தது. "கை வரல."

எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் முன்னால், மிக அருகில், தார்ச்சாலையில் நகம் சுரண்டும் சத்தம் கேட்டது. நிதானமாக, ஓரம் தேடிக்கொண்டிருந்தது. அவன் உடம்பு முழுக்கக் கட்டைபோல விறைத்துவிட்டது. என் முதுகில் மகன் இருக்கிறானா மரப்பலகை இருக்கிறதா என்றே தெரியவில்லை. தூரத்தில் இன்னும் பல கால்கள் எழும் சத்தம். ஓரம் கிளம்பிவிட்டால் விரலோடு நிற்குமா, முழு நிழலும் உருவிக்கொண்டு போகுமா? யாருக்குத் தெரியும்? யாராவது திரும்பி வந்து சொன்னார்களா?

நான் பின்னால் பாய்ந்தேன். இருந்த பலம் எல்லாவற்றையும் சேர்த்து, அவனைக் கட்டியிருந்த கம்பளியோடு இழுத்துக்கொண்டு பாய்ந்தேன். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் அலறினான். அந்த அலறல் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது, அலறினால் இருக்கிறான் என்று அர்த்தம்.

"வழி சொல்லுடா! எந்தப் பக்கம்?"

"வலது! வலதுப்பா! ஓடு!"

ஓடினேன். அவன் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினேன். ஏதோ ஒன்று என் மழைக்கோட்டை உரசியது. இரும்புக் கதவு தோளில் மோதியது. பிறகு படி. கண்ணுக்குள் வெள்ளை மாறவில்லை, ஆனால் தோலில் வெயில் நின்றுபோனது. மருந்து வாடை. ரத்த வங்கியின் பின்வாசல். எனக்கு என் உள்ளங்கையைவிட நன்றாகத் தெரிந்த இடம்.

"அப்பா, ஒரே இருட்டா இருக்கு."

"இனிமே எனக்கு வழி தெரியும். நீ கண்ணை மூடிக்கோ."

குருட்டுக் காட்டேரியாக, இருட்டு நடைவழியில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன். குளிர்பெட்டிகள் ஓடும் சத்தம் கேட்ட இடத்தில் கால் தானாக நின்றது. ஜெனரேட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறது. உள்ளே பைகள் இருக்கும். பசியில் தாடை இழுத்துக்கொண்டது. ஆனாலும் நிற்கவில்லை, அவனை ஒப்படைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். மாடிப்படி ஏறி, இரட்டைக் கதவை முதுகால் தள்ளினேன். மூச்சுகள் கேட்டன. நிறையப் பேர். பிறகு ஓடி வரும் ரப்பர் செருப்பின் சத்தம்.

அவள் என்னைத் தொடவில்லை. முதலில் கம்பளிக் கட்டை அவிழ்த்து அவனை இறக்கினாள். கழுத்தைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள் என்பது சட்டைக் காலர் சரசரப்பதில் தெரிந்தது.

"கடிச்சாராடா?"

"இல்லம்மா. நான்தான் கேட்டேன். அப்பா மாட்டேன்னுட்டாரு."

"பல்லு எங்க?"

"கத்தும்போது விழுந்துடுச்சு."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். என் கருகிய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். எரிந்தது, ஆனால் கையை எடு என்று சொல்ல மனம் வரவில்லை. விளக்கு வட்டத்துக்குக் கீழே யாரோ நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். அந்த அறையில் யாருக்கும் நிழல் இல்லை. கடிபட்ட நாளிலிருந்து முதல் தடவையாக நான் எல்லாரையும் போல இருந்தேன்.

அவள் எனக்கு இரண்டு பைகள் கொண்டுவந்து கொடுத்தாள். காலாவதியாகிவிட்டதா என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். "குடிங்க முதல்ல," என்றாள். கண் திரும்ப வருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல நடிக்கவும் இல்லை. பிறகு என்னையும் அவனையும் பக்கத்தில் இருந்த துணி அடுக்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"இவன் ஆள்காட்டி விரலைக் கிள்ளினா தெரியலைங்கறான்," என்று என் காதருகே சொன்னாள். "நிழலுக்கு என்னாச்சுன்னு பாக்கணும். லைட்டுக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. சுவத்துல போட்டுப் பாக்கப் பயமா இருக்கு."

"டார்ச்சை அவன்கிட்ட கொடு," என்றேன்.

திரும்பி உட்கார்ந்து மழைக்கோட்டைக் கழற்றினேன். என் உடம்பில் கருகாமல் இருந்த ஒரே இடம் முதுகு. அவன் நிழல் விழுந்த இடம். டார்ச் சொடுக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, இது என்னன்னு சொல்லு?"

முதுகின் நடுவில் சில்லென்று ஒரு வட்டம் விழுந்தது. கன்னம், மூக்கு. அதற்கு மேலே ஒரு காது, நீளமாக, நேராக. இன்னொரு காது இருக்க வேண்டிய இடத்தில் அடியில் ஒரு குட்டைத் துண்டு மட்டும் குளிர்ந்தது. அதற்கு மேல் வெதுவெதுப்பு. நான் காத்திருந்தேன். அந்த இடம் குளிரவே இல்லை. என் தலைக்கு நிழல் பிடித்த விரல் அது.

"முயல்," என்றேன்.

"எத்தனை காது? சரியாச் சொல்லு."

மனைவி என் தோளில் கை வைத்தாள்.

"ரெண்டுதான்டா. ஒண்ணை மடக்கி வெச்சிருக்கு. எதையோ பாத்துப் பயந்துபோச்சு போல."

முயல் என் முதுகில் அசையாமல் இருந்தது.

"இல்லப்பா," என்றான், பல் விழுந்த ஓட்டையில் காற்று வர. "பயமெல்லாம் இல்ல. தூங்குது."